பூந்தி லட்டைப் பிரித்துப் பார்ப்பது: மூலக்கூறு அனிமேஷன் எப்படி இயங்குகிறது?

ஹீமோகுளோபின் எப்படி ஆக்சிஜனைப் பிடிக்கிறது என்று காட்ட முப்பது நொடி அனிமேஷன் ஒன்று செய்து, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். கறுப்புப் பின்னணி. நடுவில் சிவப்பும் நீலமுமாகச் சுருண்ட ரிப்பன்கள். எங்கிருந்தோ ஓர் ஆக்சிஜன் மிதந்து வந்து, நேராகத் தன் இடத்தில் போய் உட்காருகிறது. படம் முடிந்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “ரத்தத்துக்குள்ள இவ்வளவு இடம் காலியா கிடக்குமா சார்? அந்த ஆக்சிஜனுக்கு எங்க போய் உக்காரணும்னு எப்படித் தெரியும்?”

இரண்டுமே சரியான கேள்விகள். ஒரு ரத்தச் சிவப்புச் செல்லுக்குள் ஏறக்குறைய 27 கோடி ஹீமோகுளோபின்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு கிடக்கின்றன. அந்தச் செல்லின் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஹீமோகுளோபின்தான். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். காலி இடம் என்ற பேச்சே இல்லை. தண்ணீரையும் அக்கம்பக்கத்து மூலக்கூறுகளையும் மறைத்தது நான். ஆக்சிஜனை நேர்க்கோட்டில் நடத்தி வந்ததும் நான். மறைக்காமல் இந்த விஷயத்தில் எதையுமே காட்ட முடியாது, அதனால் மறைத்ததற்காக நான் வருந்தவில்லை. மறைத்தேன் என்று பிள்ளைகளிடம் சொல்லாமல் விட்டேனே, அதற்குத்தான் வருந்தினேன். ஆகவே அந்த அனிமேஷன் வெந்த அடுப்படிக்குள் உங்களை அழைத்துப் போகிறேன். எது எங்கே மறைகிறது என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதலில் சரக்கு. இந்தப் படங்களை யாரும் கற்பனையில் வரைவதில்லை. உலகெங்கும் விஞ்ஞானிகள் கண்டறிந்த மூலக்கூறு வடிவங்களைச் சேர்த்து வைத்திருக்கும் புரதத் தரவு வங்கி என்ற பொதுக் களஞ்சியம் இருக்கிறது. 1971இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஏழே ஏழு வடிவங்களோடு தொடங்கியது. இன்று இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஆக்சிஜன் இல்லாத மனித ஹீமோகுளோபினுக்கு அங்கே ‘4ஹெச்ஹெச்பி’ என்று பெயர்.

அந்தக் கோப்பைத் திறந்தால் படம் எதுவும் இருக்காது. வரிவரியாக எழுத்தும் எண்ணும்தான். மார்கழிக் கோலப் புத்தகத்தில் ‘பதினைந்து புள்ளி, எட்டு வரை, ஊடுபுள்ளி’ என்று போட்டிருக்குமே, கிட்டத்தட்ட அதுபோல. ஒவ்வொரு வரியும் ஓர் அணு: அது என்ன அணு, எந்த அமினோ அமிலத்தில் இருக்கிறது, எந்தச் சங்கிலியைச் சேர்ந்தது, பிறகு மூன்று எண்கள். இடம் வலம் எவ்வளவு, மேல் கீழ் எவ்வளவு, முன் பின் எவ்வளவு. அளவு ஆங்ஸ்ட்ராமில், அதாவது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கில். புள்ளி இருக்கிறது, கோடு, நிறம், அசைவு எதுவும் இல்லை. அவற்றையெல்லாம் சேர்ப்பவர் அனிமேஷன் செய்பவர்.

இங்கேயே ஒன்றைக் கவனியுங்கள். நம் உடம்பில் எண்ணிக்கையில் மிக அதிகமான அணு ஹைட்ரஜன். அது இந்தக் கோப்பில் அனேகமாக இருக்காது. எக்ஸ் கதிர் எலக்ட்ரான்களில் பட்டுச் சிதறுவதை வைத்துத்தான் இந்த வடிவங்களைக் கண்டுபிடிக்கிறார்கள். ஹைட்ரஜனிடம் இருப்பதோ ஒற்றை எலக்ட்ரான். அதனால் அதன் சாயல் அவ்வளவு மங்கலாக விழுகிறது. ஆகவே, நான் கரண்டியைக் கையில் எடுப்பதற்கு முன்பே, சந்தையிலேயே சில காய்கள் பைக்குள் வராமல் போய்விட்டன.

அடுத்து, புடைப்பது. பைமால் என்ற மென்பொருளில் கோப்பைத் திறந்ததும் நாலாயிரத்துக்கு மேற்பட்ட அணுக்கள் ஒரே குவியலாகத் திரையில் கொட்டும். முறத்தில் போட்டுப் புடைப்பது போல இதைப் பிரிக்க வேண்டும். ஹீமோகுளோபினில் நான்கு சங்கிலிகள்: 141 அமினோ அமிலம் கொண்ட ஆல்பா இரண்டு, 146 கொண்ட பீட்டா இரண்டு. ஒவ்வொன்றின் மடியிலும் ஹீம் என்ற தட்டு ஒன்று; தட்டின் நடுவில் ஓர் இரும்பு அணு. ஆக்சிஜன் ஒட்டுவது அந்த இரும்பில்தான். ஆகவே முதல் வேலை, டப்பாக்களில் ‘கடுகு’, ‘சீரகம்’ என்று சீட்டு ஒட்டுவது போல ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் வைப்பது: ‘ஆல்பா’, ‘பீட்டா’, ‘ஹீம்’, ‘தண்ணீர்’. பெயர் வைத்துவிட்டால் பிறகு இரண்டே கட்டளைகள் போதும். ‘ஹைட்’ என்றால் மறை, ‘ஷோ’ என்றால் காட்டு.

எனக்கு மிகவும் பிடித்த கட்டளை வேறொன்று. “ஹீமிலிருந்து ஐந்து ஆங்ஸ்ட்ராம் தொலைவுக்குள் இருப்பவற்றை மட்டும் காட்டு” என்று கேட்கலாம். அடுப்படியில் நின்றபடி கையை நீட்டினால் எட்டும் பொருள்கள் மட்டும் போல. உப்பு ஜாடி எட்டும், எண்ணெய்த் தூக்கு எட்டும், பரண் மேல் இருக்கும் அண்டா எட்டாது. சமைப்பதற்கு எது கைக்கு எட்டுகிறதோ அதுதான் முக்கியம், மூலக்கூறிலும் அப்படியே. இப்படிக் கேட்டவுடன் நாலாயிரம் அணுக்கள் போய், ஹீமும் அதன் அண்டை வீட்டார் சிலரும் மட்டும் நிற்பார்கள். அவர்களில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஒன்று, இரும்பை ஒரு பக்கத்திலிருந்து பிடித்துக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

மூன்றாவது, உருவம் கொடுப்பது. அதே மாவில் இட்லியும் ஊற்றலாம், தோசையும் வார்க்கலாம். அதுபோல அதே புள்ளிகளுக்குப் பல உருவங்கள் உண்டு. ஒவ்வோர் அணுவையும் அதன் முழுப் பருமனுக்கு உருண்டையாகக் காட்டினால் பூந்தி லட்டு மாதிரி வரும். பூந்தி பூந்தியாக, நடுவில் சந்து இல்லாமல். புரதத்தின் உள்ளே உண்மையில் அப்படித்தான் நெருக்கமாக இருக்கிறது. ஆனால் லட்டின் நடுவில் இருக்கும் முந்திரியை வெளியிலிருந்து பார்க்க முடியாதே! ஹீமும் அப்படி மறைந்துபோகும்.

ஆகவே இரண்டாவது வழி, ரிப்பன் பக்கோடா. சங்கிலியின் முதுகெலும்பு போகும் வழியை மட்டும் நாடாவாக இழுத்துவிட்டு மற்ற அணுக்களை எல்லாம் விட்டுவிடுவது. ஜேன் ரிச்சர்ட்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1981இல் வெளியிட்ட நீண்ட கட்டுரை ஒன்றில் புரதம் புரதமாகத் தன் கையாலேயே இப்படி வரைந்து காட்டினார். இன்று கணினி ஒரு நொடியில் போடும் ரிப்பன்கள் அந்தக் கைக் கோடுகளின் வாரிசுகள். ஹீமோகுளோபினை ரிப்பனில் போட்டால் கைமுறுக்குப் போலத் திருகித் திருகிச் செல்லும் சுருள்கள் தெரியும், சுருள்களுக்கு நடுவே ஹீம் பளிச்சென்று தெரியும். எவ்வளவு தெளிவு! ஆனால் அந்தத் தெளிவு எதைக் கொடுத்து வாங்கியது? லட்டாக இருந்தது கம்பிப் பந்தல் போல ஆகிவிட்டது. காற்று புகுந்து வரலாம் போலத் தோன்றுகிறது. என் மாணவி ‘காலி இடம்’ என்று சொன்னதில் பாதி இந்த ரிப்பன் செய்த வேலை.

மூன்றாவது வழி, தோல் போர்த்துவது. மூலக்கூறின் மேல் ஒரு சிறு பந்தை எல்லாப் பக்கமும் உருட்டிவிட்டு, அந்தப் பந்து தொட்ட இடங்களை இணைத்தால் ஒரு மேல்தோல் கிடைக்கும். பலாப்பழத்தின் மேல் எலுமிச்சம்பழத்தை உருட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முள்ளுக்கு முள் நடுவில் எலுமிச்சை நுழையாத பள்ளமெல்லாம் மூடிப்போகும். மூலக்கூறில் உருட்டும் பந்தின் ஆரம் வழக்கமாக 1.4 ஆங்ஸ்ட்ராம், அதாவது ஒரு தண்ணீர் மூலக்கூறின் அளவு. தண்ணீர் எங்கெல்லாம் தொட முடியுமோ அதுதான் தோல். வெளியிலிருந்து வருபவருக்கு இந்தப் புரதம் எப்படித் தெரியும் என்று காட்ட இதைவிட நல்ல வழி இல்லை.

நிறத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். அஞ்சறைப் பெட்டியைத் திறந்தவுடன் மஞ்சள் எது, மிளகு எது என்று நிறத்தை வைத்துக் கை போகிறதல்லவா? கார்பனுக்குச் சாம்பல் அல்லது கறுப்பு, ஆக்சிஜனுக்குச் சிவப்பு, நைட்ரஜனுக்கு நீலம், கந்தகத்துக்கு மஞ்சள் என்பது அதுபோன்ற ஏற்பாடு, அவ்வளவே. தனி அணு கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலையைவிட ஆயிரக்கணக்கான மடங்கு சிறியது. அதற்குச் சிவப்பென்றும் நீலமென்றும் சாயம் எதுவும் கிடையாது. ஹீமோகுளோபினில் மட்டும் ஒரு கூடுதல் கவனம் வேண்டும். ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபினை நீலமாகப் போட்டால், அசுத்த ரத்தம் நீல நிறம் என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிடும். உண்மையில் அது கருஞ்சிவப்பு. நான் இப்போது நீலத்தைத் தொடுவதில்லை.

பிறகு வெட்டு. பூசணிக்காயின் உள்ளே பார்க்க வேண்டுமென்றால் குறுக்கே ஒரு வெட்டு. மென்பொருளில் கண்ணுக்குத் தெரியாத அரிவாள்மணை ஒன்று உண்டு. அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் திரையிலிருந்து போய்விடும். அதை மெல்ல நகர்த்தினால் மூலக்கூறு வளையம் வளையமாகத் திறக்கும். பின்பக்கத்துக்கு இன்னோர் உத்தி, மூட்டம். ஈர விறகு புகையும் அடுப்படியில் பக்கத்தில் இருப்பவர் தெளிவாகவும் தூரத்துச் சுவர் மங்கலாகவும் தெரிவது போல, பின்னால் உள்ள அணுக்களை மங்கலாக்கிவிடலாம். தட்டையான திரையில் ஆழம் தெரிவது இதனால்தான்.

இப்போது கேமரா. இதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஹீமோகுளோபினின் அகலம் ஐந்தரை நானோமீட்டர் அளவு. வகுப்புத் திரையில் அது அரை மீட்டருக்குச் சற்று மேல் விரிந்து நின்றால், பத்துக் கோடி மடங்கு பெரிதாக்கியிருக்கிறோம் என்று பொருள். சரி, ஆக்சிஜன் வந்து ஒட்டும்போது இரும்பு அணு எவ்வளவு நகர்கிறது? ஏறக்குறைய 0.4 ஆங்ஸ்ட்ராம். பத்துக் கோடி மடங்கு பெரிதாக்கிய பிறகும் அது நான்கு மில்லிமீட்டர்தான்! நாம் மூச்சு விட்டு உயிரோடு இருப்பதற்குக் காரணமான அசைவு, பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கே படாது. ஆகவே கேமரா அங்கே நெருங்கிப் போக வேண்டும். போனதும் அசையாமல் நிற்கவும் வேண்டும்.

ஏன் நிற்க வேண்டும்? பேருந்து நிலையத்தில் பக்கத்துப் பேருந்து கிளம்பினால் நம் பேருந்து நகர்வது போல ஒரு கணம் தோன்றுமே, அந்தக் குழப்பம்தான். கேமராவும் சுற்றி, மூலக்கூறும் சுற்றினால் எது எதைச் சுற்றுகிறது என்று பார்ப்பவருக்குப் புரியாது. பல அனிமேஷன்களில் கேமரா ஓயாமல் சுழல்வதைப் பார்க்கும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கும். அழகு இருக்கிறது, ஆனால் நான்கு மில்லிமீட்டர் போய்விட்டது.

அடுத்து அசைவு. இதுதான் இருப்பதிலேயே கடினமான படி. நம்மிடம் இருப்பது இரண்டு வடிவங்கள்: ஆக்சிஜன் இல்லாதது ஒன்று, ஆக்சிஜன் பிடித்தது இன்னொன்று. இரண்டாவதற்கு ‘1ஹெச்ஹெச்ஓ’ என்ற கோப்பை எடுத்தால் உள்ளே நான்கு சங்கிலிக்குப் பதில் இரண்டுதான் இருக்கும். பயப்பட வேண்டாம், கோலத்தில் பாதியைக் காட்டி ‘மறுபாதியும் இப்படியே’ என்று போடுவது போன்றதுதான் அது. சமச்சீர் விதியைக் கொடுத்தால் மென்பொருள் மறுபாதியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளும்.

இனி, முதல் வடிவத்திலிருந்து இரண்டாவதற்கு எப்படிப் போவது? மிக எளிய வழி, ஒவ்வோர் அணுவையும் பழைய இடத்திலிருந்து புதிய இடத்துக்கு நேர்க்கோட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவது. நொடிக்கு முப்பது சட்டகம் என்றால், ஆறு நொடிக்கு 180 சட்டகங்களைக் கணினியே இட்டு நிரப்பிவிடும். சுலபம். ஆனால் இதில் ஒரு கோளாறு இருக்கிறது. கல்லில் இருக்கும் தோசையைத் திருப்புவதாக நினையுங்கள். தோசையின் ஒவ்வொரு புள்ளியும் தன் புதிய இடத்துக்கு நேர்க்கோட்டில் போனால் என்ன ஆகும்? வலது ஓரம் இடப்பக்கம் நோக்கிக் கல்லோடு கல்லாக ஊர்ந்து வரும். இடது ஓரம் வலப்பக்கம் ஊரும். பாதி வழியில் முழுத் தோசையும் ஒற்றைக் கோடாகச் சுருங்கி நிற்கும்! பிறகு மறுபடி விரியும். எந்தத் தோசையும் அப்படித் திரும்புவதில்லை. கரண்டி கொடுத்துத் தூக்கினால் தோசை முழுசாகத்தான் வட்டமடித்துத் திரும்புகிறது.

ஹீமோகுளோபினிலும் ஒரு திருப்பம் இருக்கிறது. இரும்பு இருக்கும் ஹீம் தட்டு, ஆக்சிஜன் இல்லாதபோது லேசாக உப்பிய அப்பளம் போல இருக்கும்; இரும்பு தட்டின் மட்டத்தை விட்டுச் சற்று வெளியே நிற்கும். ஆக்சிஜன் ஒட்டியதும் இரும்பு தட்டின் மட்டத்துக்கு வரும். வரும்போது, பார்த்து வைத்துக்கொள்ளச் சொன்னேனே அந்த ஹிஸ்டிடின், அதையும் இழுத்துக்கொண்டு வரும். ஹிஸ்டிடின் இருக்கும் சுருள் நகரும். இப்படி ஒன்றை ஒன்று இழுத்து, கடைசியில் மூலக்கூறின் ஒரு பாதி மறுபாதியை ஒட்டி ஏறக்குறைய 15 பாகை திரும்பிவிடும். கயிற்றுக் கட்டிலின் ஒரு மூலையில் உட்கார்ந்தால் மற்ற மூலைகளிலும் கயிறு இழுபடுகிறதல்லவா? அதுபோல, ஓரிடத்தில் ஆக்சிஜன் பிடித்தால் மற்ற இடங்களும் ஆக்சிஜனைப் பிடிக்கத் தயாராகின்றன. கேம்பிரிட்ஜில் மேக்ஸ் பெருட்ஸ் 1937இல் ஹீமோகுளோபின் படிகங்களைக் கையில் எடுத்து, 1970இல்தான் இந்த இழுவைச் சங்கிலியை விளக்கினார். முப்பத்து மூன்று ஆண்டுகள். அதை முப்பது நொடியில் காட்டும்போது கொஞ்சம் பொறுப்போடு காட்ட வேண்டாமா?

15 பாகை திருப்பத்தில் நேர்க்கோட்டு வழி போனால் சுருக்கம் நூற்றில் ஒரு பங்குதான், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நடுச் சட்டகங்களில் அணுவுக்குள் அணு புகுந்து போகலாம். முதுகெலும்பு வளையவே முடியாத கோணத்தில் வளையலாம். இதைச் சரிபார்க்க உலகம் முழுவதும் பயன்படுத்தும் கருவி, சென்னையில் பிறந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963இல் வெளியிட்ட வரைபடம். குறுகிய சமையலறையில் அலமாரிக் கதவையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவையும் ஒரே நேரத்தில் முழுக்கத் திறக்க முடியாது. ஒன்று எவ்வளவு திறந்தால் மற்றது எவ்வளவு திறக்கலாம் என்று ஒரு கணக்கு இருக்கும். புரதச் சங்கிலியின் அடுத்தடுத்த இரண்டு பிணைப்புகள் திரும்புவதற்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. ராமச்சந்திரன் வரைபடம் அதைத்தான் சொல்கிறது. என் நடுச் சட்டகங்கள் சிலவற்றை அதில் போட்டுப் பார்க்கிறேன். இடிக்கும் சட்டகம் இருந்தால், அணு அணுவாக நகர்த்துவதை விட்டுவிட்டு, கரண்டி கொடுத்துத் தோசையைத் தூக்குவது போலச் சுருளைச் சுருளாகவே திருப்புகிறேன்.

கடைசியாக நேரமும் நெரிசலும். உண்மையில் இந்தத் திருப்பத்துக்கு ஆகும் நேரம், நொடியைப் பத்து லட்சமாகப் பிளந்தால் வரும் துண்டுகளில் சில பத்து. நான் அதை ஆறு நொடிக்கு இழுக்கிறேன். லட்சக்கணக்கான மடங்கு மெதுவாக்கியதில் ஒன்று காணாமல் போகிறது: நடுக்கம். உலை கொதிக்கும்போது அரிசியைப் பாருங்கள். எந்தப் பருக்கையும் ஒரு கணம் சும்மா இருப்பதில்லை. உடல் சூட்டில் மூலக்கூறுகளின் பாடும் அதுதான். தண்ணீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் மோதிக்கொண்டே இருக்கின்றன. ஆக்சிஜனும் அந்த மோதலில் முட்டி, திரும்பி, தவறிப்போய், எத்தனையோ முறை தடுமாறித்தான் ஒருமுறை இரும்பைச் சேர்கிறது. அதற்கு வழி தெரியாது. இன்னும் வேடிக்கை, நிலையான வடிவத்தில் வெளியிலிருந்து ஹீமுக்குப் போக ஆக்சிஜன் நுழையும் அளவுக்குத் திறந்த வாசலே இல்லை. புரதம் நடுங்கி நடுங்கிச் சந்து விடும்போதுதான் உள்ளே நுழைய முடிகிறது. நான் நடுக்கத்தை அணைத்தபோது வாசலையும் சேர்த்து அடைத்துவிட்டேன்.

2006இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக எக்ஸ்விவோ நிறுவனம் செய்த ‘தி இன்னர் லைஃப் ஆஃப் தி செல்’ படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். பெரிய மூட்டையைத் தலையில் சுமந்து, கைனசின் புரதம் கம்பி மேல் நிதானமாக அடியெடுத்து வைக்கும். அதைப் பார்த்து உயிரியலுக்கு வந்தவர்கள் உண்டு, நான் அந்தப் படத்தை மதிக்கிறேன். ஆனால் அங்கேயும் தண்ணீர் இல்லை, நெரிசல் இல்லை. நெரிசலைக் காட்டினால் பார்ப்பவர் குழம்பிவிடுவார் என்று நானும் நினைத்திருந்தேன். 2012இல் ஜோடி ஜென்கின்சன், கேல் மெக்கில் இருவரும் வெளியிட்ட ஆய்வு அதை மாற்றியது. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் மிசிசாகா வளாகத்து மாணவர்கள் 131 பேர். ஒரே நிகழ்ச்சியைக் காட்டும் நான்கு அனிமேஷன்கள், ஒன்றைவிட ஒன்று சிக்கலானவை. ஒவ்வொரு குழுவுக்கும் ஒன்று. நடந்ததை நன்றாகப் புரிந்துகொள்ள உதவியது, இருப்பதிலேயே சிக்கலான அனிமேஷன்தான். எல்லாப் பாடத்துக்கும் இது பொருந்தும் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு இது பெரிய தைரியம்.

ஆகவே என் முப்பது நொடியைத் திருத்தினேன். இப்போது முதல் இருபது நொடி முன்பு போலத்தான்: ரிப்பன், கறுப்புப் பின்னணி, அசையாத கேமரா, நான்கு மில்லிமீட்டர். ஓரத்தில் சிறிய எழுத்தில் ‘தண்ணீரும் மற்ற மூலக்கூறுகளும் மறைக்கப்பட்டுள்ளன, பல லட்சம் மடங்கு மெதுவாக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி. பிறகு நடுக்கத்தைப் போடுகிறேன். ரிப்பன் லட்டாகிறது. பிறகு ‘ஷோ’ கட்டளை, மறைத்த ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை: முதலில் பக்கத்து ஹீமோகுளோபின்கள், அப்புறம் அவற்றின் பக்கத்தில் இருப்பவை, கடைசியில் தண்ணீர். திரையில் ஒரு விரல்கடை கறுப்பு மிச்சம் இல்லை.

சென்ற வாரம் அதே வகுப்பில் போட்டேன். தண்ணீர் வந்து மூடியதும் அந்த மாணவி எழுந்து திரைக்கு அருகில் போய், “நம்ம ஹீமோகுளோபின் எங்க போச்சு?” என்று விரலால் தேட ஆரம்பித்தாள். மற்றவர்களும் எழுந்து வந்துவிட்டார்கள். படத்தை அந்தச் சட்டகத்திலேயே நிறுத்தி வைத்தேன்.